ஜார்ஜெட் ஹேயர் எப்படி எழுதினார்? பழைய காலத்தைக் களமாக வைத்துக் காதல் நாவல் எழுதுவோருக்கான ஒரு கேள்வி

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். 1942ஆம் ஆண்டின் சென்னையைக் களமாக வைத்து ஒரு காதல் நாவலைத் தொடராக எழுதி வருகிறேன். ஜப்பானியர் குண்டு வீசக்கூடும் என்ற அச்சத்தில் அந்த ஏப்ரலில் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்னையைக் காலி செய்துகொண்டு ஊர்ப்பக்கம் போனார்கள் அல்லவா, அந்த நாட்களில்தான் என் கதையின் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொள்கிறார்கள். கதை மனத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் பத்திக்குப் பத்தி ஏதேனும் ஒரு விவரம் வழிமறிக்கிறது. மயிலாப்பூரிலிருந்து எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அவ்வளவு சாமான்களோடு எப்படிப் போயிருப்பார்கள், ஜட்கா வண்டிக்காரர் எவ்வளவு கேட்டிருப்பார், வக்கீல் குமாஸ்தாவின் மகள் தன் அண்ணனின் நண்பரிடம் பேச நேர்ந்தால் அவரை எந்தச் சொல்லால் விளித்திருப்பாள் என்று தேடப் போனால் அன்றைய எழுத்து அதோடு நின்றுவிடுகிறது. தேடாமல் எழுதிய பக்கங்களோ, படித்துப் பார்க்கும்போது எனக்கே நம்பும்படியாக இல்லை.

கல்லூரிக் காலத்தில் வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வந்து விடிய விடியப் படித்த ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜெட் ஹேயரின் நாவல்கள் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து லண்டனில் அவரே வாழ்ந்ததைப் போல எழுதியவர் அவர். அத்தனை விவரங்களையும் வைத்துக்கொண்டு அவர் எப்படி இவ்வளவு இலகுவாக எழுதினார்? அவருடைய வேலைமுறை என்ன? காதல் கதை எழுதுவதற்கு மனம் கனிந்திருக்க வேண்டும், உந்துதல் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று என் தோழிகள் சொல்கிறார்கள். ஹேயர் அப்படிக் காத்திருந்து எழுதியவரா? அவரைப் பற்றி ஆழ்ந்து படித்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழையஅலமாரி:

அன்புள்ள தோழி, ஹேயரின் நாவல்களையும் அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகளையும் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்கும் இலகுத்தன்மைக்கு அடியில் மிகப் பெரிய உழைப்பு இருந்தது. 1974இல் ஹேயர் மறைந்தபோது அவருடைய வீட்டில் வரலாறு தொடர்பான நோக்கீட்டு நூல்கள் மட்டும் 1,000க்கு மேல் இருந்தன. அவற்றில் பிரபுக்கள் குடும்பங்களின் வம்சாவளி நூல்களும் இருந்தன. மூக்குப்பொடி டப்பாக்களின் வரலாறு, வழிகாட்டிப் பலகைகளின் வரலாறு, உடைகளின் வரலாறு என்று நாம் நினைத்துக்கூடப் பார்க்காத பொருள்களைப் பற்றிய நூல்களும் இருந்தன. படிக்கும்போது கண்ணில் படும் சொல், விலை, பழக்கம் ஒவ்வொன்றையும் எழுதி வைத்து, அழகு, நிறங்கள், உடை, தொப்பிகள், வீட்டு நிர்வாகம், விலைகள், கடைகள் என்று தலைப்புவாரியாகப் பிரித்திருந்தார். ஒரு குறிப்பிட்ட ஆண்டில் மெழுகுவத்தி என்ன விலை விற்றது என்பது வரைக்கும் அந்தக் குறிப்புகளில் உண்டு. உங்கள் குமாஸ்தா மகளின் சிக்கலுக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும்: யார் யாரை எப்படி விளிப்பார்கள் என்பதற்கும், அன்பாக அழைக்கும் சொற்களுக்கும் அவர் தனித்தனித் தலைப்புகள் வைத்திருந்தார். காதல் கதையில் இரண்டு பேருக்கு நடுவே உள்ள தொலைவு முதலில் தெரிவது விளிக்கும் சொல்லில்தான் என்பதை அவர் நன்றாக உணர்ந்திருந்தார் என்று நான் நினைக்கிறேன். அவருடைய பதிப்பாளர் ஒருமுறை ஒரு நாவலின் மொழியைப் பற்றி யோசனை சொல்ல முற்பட்டபோது, அந்தக் காலத்து மொழியை ஹேயரைவிட நன்றாக அறிந்தவர் இங்கிலாந்தில் யாருமில்லை என்று அவருக்குத் தெரிவிக்கப்பட்டதாம்.

வாட்டர்லூ போரைப் பற்றி 1937இல் அவர் வெளியிட்ட நாவலில் வெலிங்டன் கோமகன் பேசுவதாக வரும் ஒவ்வொரு சொல்லும் அவர் உண்மையிலேயே பேசியதோ எழுதியதோதான் என்று ஹேயர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். வெலிங்டனின் நடையைப் பிடிப்பதற்காக வெலிங்டன் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றை ஹேயர் விலைகொடுத்தே வாங்கினார். அந்த நாவலின் போர்க்களப் பகுதி சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பாடம் நடத்தப் பயன்பட்டது. காதல் நாவலாசிரியை என்று ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு இதைவிட உயர்ந்த பாராட்டு வேறு எதுவும் இருக்க முடியாது.

ஆனால் இவ்வளவையும் படித்துவிட்டு, குறிப்புகளை அருகில் அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் புரட்டிப் பார்த்து எழுதினார் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. சுரங்கப் பொறியாளராக இருந்த கணவர் ரொனால்ட் ரூஜியருடன் வாழ்வதற்காக 1927இல் அவர் ஆப்பிரிக்காவின் டாங்கனிகாவுக்குப் போனார். காட்டுப் பகுதியில், யானைப்புல்லால் கட்டிய குடிசையில் அவர்கள் தங்கியிருந்தார்கள். நூலகமோ தம்முடைய புத்தகங்களோ கைக்கெட்டாத அந்த இடத்தில் உட்கார்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் நடக்கும் ஒரு முழு நாவலை எழுதி முடித்தார். 1928இல் வெளிவந்த அந்த நாவலில் காலப்பிழை என்று பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு கனவான்கள் மன்றம் திறக்கப்பட்டதை ஓராண்டு முன்னதாக வைத்துவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் படித்ததெல்லாம் நினைவில் ஊறிக் கிடந்ததால்தான் அது அவரால் முடிந்தது. ஆகவே படிப்பையும் எழுத்தையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. காலையில் எழுதுவதானால் மாலையில் படியுங்கள். எழுதும் நேரத்தில் தேடாதீர்கள்.

தாள்பேனா:

பழையஅலமாரி ஐயா சொன்ன செய்திகள் எல்லாம் சரியானவை. ஆனால் உந்துதலைப் பற்றிய கேள்விக்குக் குறிப்பேடுகளில் விடை இல்லை. ஹேயரை எழுத வைத்தது பணத்தேவை. இதைச் சொல்வதால் அவருடைய மதிப்பு குறைந்துவிடும் என்று நான் கருதவில்லை, சொல்லாமல் விட்டால்தான் அவருடைய வாழ்க்கை நமக்குப் புரியாமல் போய்விடும்.

1925இல், ரூஜியருடன் நிச்சயதார்த்தம் முடிந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஹேயரின் தந்தை மாரடைப்பால் இறந்துபோனார். குடும்பத்துக்கு ஓய்வூதியம் இல்லை. இரண்டு தம்பிகளின் பொறுப்பு 22 வயதான ஹேயரின் தலையில் விழுந்தது. மறுஆண்டு அவருடைய நாவல் ஒன்று வெளிவந்த நேரத்தில் பிரிட்டன் முழுவதும் பொது வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்ததால் அதற்கு மதிப்புரையும் கிடைக்கவில்லை, விளம்பரமும் கிடைக்கவில்லை. இருந்தும் அது 1,90,000 படிகள் விற்றது. விளம்பரம் இல்லாமலே நூல் விற்கும் என்பதை அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் பேட்டி கொடுக்கவே இல்லை. இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு கணவர் முதலில் ஒரு தொழிலில் தோல்வி கண்டார், பிறகு உறவினரிடம் கடன் வாங்கி விளையாட்டுப் பொருள் கடை நடத்தினார், அதன்பின் வழக்கறிஞராவதற்குப் படித்தார். அந்த ஆண்டுகளில் குடும்பம் பெரும்பாலும் ஹேயரின் எழுத்தை நம்பித்தான் நடந்தது. மகன் பிறந்த 1932 முதல் ஆண்டுக்கு ஒரு காதல் நாவலும் ஒரு துப்பறியும் நாவலும் எழுதுவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். துப்பறியும் நாவலுக்குக் கணவர் கதைமாந்தருக்குப் பெயர்கூட வைக்காமல் குற்றம் நடந்த விதத்தை மட்டும் வகுத்துக் கொடுப்பார். அதற்குள் மனிதர்களையும் அவர்களுக்கிடையிலான உறவுகளையும் நிரப்புவது ஹேயரின் வேலை. கைக்குழந்தையும் வரவுசெலவுக் கவலையும் இருக்கும் வீட்டில் மனம் கனியட்டும் என்று யாரும் காத்திருக்க முடியாது.

இந்தக் கட்டாயத்தின் விலையையும் அவர் கொடுத்தார். அவருடைய உள்ளம் உண்மையில் நாடியது இடைக்கால இங்கிலாந்தை. 1393 முதல் 1435 வரையிலான லங்காஸ்டர் அரச மரபினரைப் பற்றி மூன்று பாகங்களில் ஒரு பெரிய வரலாற்று நாவலை அவர் திட்டமிட்டிருந்தார். வருமான வரிப் பாக்கி ஒருபுறம் நெருக்க, மறுபுறம் வாசகர்கள் அடுத்த காதல் நாவலைக் கேட்டுக்கொண்டே இருக்க, அந்த வேலையை மீண்டும் மீண்டும் பாதியில் நிறுத்திவிட்டுக் காதல் நாவலுக்குத் திரும்பினார். முதல் பாகமே முற்றுப்பெறாமல், அவர் இறந்த மறுஆண்டு, 1975இல் அப்படியே அச்சானது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாம் இன்று மகிழ்ந்து படிக்கும் அந்தக் கதைகள், அவர் எழுத விரும்பியதை ஒத்திவைத்ததால் நமக்குக் கிடைத்தவை.

விவரம் வழிமறிக்கும் சிக்கலுக்கு ஹேயரைவிட அமெரிக்காவின் நோரா ராபர்ட்ஸிடம் நல்ல விடை இருக்கிறது. 1979 பிப்ரவரியில் மேரிலாந்தில் பெரும் பனிப்புயல் அடித்தபோது, இரண்டு சிறு பிள்ளைகளுடன் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த அவர், ஒரு நோட்டும் பென்சிலுமாக முதன்முதலில் எழுத உட்கார்ந்தார். இன்று 200க்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். முதல் வரைவைத் திரும்பிப் பார்க்காமல் வேகமாக எழுதி முடித்துவிட்டு, பிறகு தொடக்கத்திலிருந்து மறுபடி எழுதிக்கொண்டு வந்து விவரங்களையும் நுணுக்கங்களையும் சேர்ப்பார். மூன்றாம் முறையில் மொழியைச் செப்பம் செய்வார். ஜட்கா வாடகையின் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நீங்கள் மேலே போய்விடலாம். அந்த உரையாடல் அப்போது சூடு ஆறாமல் கையில் இருக்கும்.

நெல்லைவாசகி:

இருவரும் சொன்னதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். பணத்தேவை என்பது 1925க்குப் பிறகு வந்தது. ஹேயர் எழுதத் தொடங்கியதோ அதற்கு முன்பே, அதுவும் வேறு காரணத்துக்காக. அவருடைய தம்பி போரிஸுக்கு இரத்தம் எளிதில் உறையாத நோய் இருந்தது. நோயுற்றுப் படுத்திருந்த தம்பிக்குப் பொழுது போவதற்காக, 17 வயது அக்கா, நாளுக்கு நாள் தொடரும் கதையாக ஒரு சாகசக் கதையைச் சொன்னார். அதைக் கேட்டு மகிழ்ந்த தந்தை, அதை அச்சிடும்படி எழுதித் தரச் சொன்னார். 1921இல் முதல் நாவல் பிறந்தது அப்படித்தான். தந்தை ஆசிரியராக இருந்தவர். மகள் எதைப் படிக்க வேண்டும், எதைப் படிக்கக் கூடாது என்று ஒருபோதும் தடை போடாதவர்.

வைகைக்கரை அக்கா, ஹேயரின் எல்லா நாவல்களிலும் அந்தக் கட்டிலோரத்துக் கதைசொல்லியைக் காணலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்து என்ன என்று கேட்க ஒருவர் எதிரில் இருக்கிறார் என்ற நம்பிக்கையோடு எழுதப்பட்ட உரையாடல்கள் அவை. அவருடைய காதலர்கள் தனிமையில் உருகுவது குறைவு. எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் பேச்சில் மடக்கி, மறுத்து, சிரித்து, அந்தப் பேச்சின் போக்கிலேயே நெருங்கிவிடுவார்கள். மனம் கனிய வேண்டும் என்று உங்கள் தோழிகள் சொல்வதற்கு இந்த அளவில் பொருள் உண்டு. கனிவு கதை கேட்பவர் மீது இருக்க வேண்டும். உங்களுக்கோ வாரந்தோறும் அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருக்கும் வாசகியர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் சொல்வதாக எண்ணி எழுதிப் பாருங்கள்.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போரின் நடுவே எழுதி 1944இல் வெளிவந்த தம் நாவலைப் பற்றிய கடிதம் ஒன்றில், இப்படிப்பட்ட பிதற்றலை எழுதியதற்குத் தம்மைச் சுட வேண்டும் என்று ஹேயர் தம்மையே கடிந்துகொள்கிறார். ஆனால், விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பதுங்கியிருக்கும்போதும் காய்ச்சலிலிருந்து தேறிவரும்போதும் இது தமக்கும் பிடித்திருக்கும் என்று அதே கடிதத்தில் எழுதுகிறார். பின்னாளில் ருமேனியாவின் அரசியல் கைதியாக இருந்த ஒரு பெண்மணி அவருக்கு எழுதினார். சிறையில் 12 ஆண்டுகள் தம்மோடு இருந்த பெண்களுக்கு அதே நாவலின் கதையை நினைவிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லித்தான் எல்லோரும் மனம் பேதலிக்காமல் இருந்தோம் என்பது அவர் எழுதியது. வாசகர் கடிதங்களுக்கு எளிதில் பதில் எழுதாத ஹேயர், தம் எழுத்துக்குக் கிடைத்த பயனை இதைவிடத் தெளிவாக வேறு எங்கும் கண்டிருக்க முடியாது. காதல் கதைதானே என்று நம் வீடுகளிலேயே குறைத்துப் பேசுவோரிடம் நான் சொல்வது இந்தச் செய்தியைத்தான்.

வைகைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விளிச்சொற்களுக்குத் தனித் தலைப்பு வைத்திருந்தார் என்பதைப் படித்ததுமே ஒரு புதிய நோட்டு எடுத்து முதல் பக்கத்தில் அந்தத் தலைப்பை எழுதிவிட்டேன். மாலை நேரத்தைப் படிப்பதற்கு ஒதுக்கவும், எழுதும்போது தெரியாத இடத்தில் கோடு போட்டுவிட்டு நகரவும் முடிவு செய்திருக்கிறேன்.

ஒரு துணைக்கேள்வி. சேர்த்த விவரங்களில் எதைக் கதைக்குள் விடுவது, எதை நோட்டிலேயே வைப்பது என்பதை எப்படி முடிவு செய்வது? ஹேயரின் உலகம் முழுக்க முழுக்கப் பிரபுக்களின் உலகம். என் கதை நடக்கும் ஏப்ரல் மாதத்தில் ஊருக்குப் போக வழியில்லாமல் சென்னையிலேயே தங்கிவிட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களை எழுதினால் காதல் கதையின் இலகு கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

தரமணிப்பக்கம்:

இந்தக் கடைசிக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன். ஹேயரை நானும் விரும்பிப் படிப்பவள்தான், ஆனால் அவருடைய குறிப்பேட்டுத் தலைப்புகளை இன்னொரு முறை பாருங்கள்: தொப்பிகள், கடைகள், நிறங்கள். வாங்குபவரின் கண்ணால் பார்த்த காலம் அது. தொப்பியைத் தைத்தவர், மெழுகுவத்தியை ஏற்றி வைத்த வேலைக்காரப் பெண் ஆகியோர் பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 1950இல் வெளியான ஒரு நாவலில் வட்டிக்கடைக்காரராக வரும் யூதரை அவர் சித்திரித்திருக்கும் விதம் இன்று படிக்கும் எவரையும் வேதனைப்படுத்தும். அவ்வளவு நூல்களைச் சேர்த்தும் தம் வர்க்கத்தின் முன்முடிவுகளைத் தாண்டி அவரால் பார்க்க முடியவில்லை. அவருடைய உழைப்பை நாம் எடுத்துக்கொள்ளலாம், அந்தக் குறுகலை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எதை உள்ளே விடுவது என்பதற்கு ஹேயரே வழிகாட்டியிருக்கிறார். அவருடைய சிறந்த நாவல்களில் விலையோ உடையோ விளக்கமாக வருவதில்லை; யாராவது ஒருவர் அதைப் பற்றிக் கவலைப்படும்போதுதான் வருகிறது. கடன் ஏறிப்போன இளைஞன் கணக்குப் பார்க்கும்போதுதான் பணத்தின் மதிப்பு நமக்குத் தெரியவருகிறது. அதேபோல உங்கள் கதையிலும், ஜட்காவுக்குக் கேட்கும் அணாக்களை அந்தப் பெண்ணின் அப்பா கொடுக்கத் தயங்கினால் அது கதைக்குள் வரட்டும், தயங்காமல் கொடுத்துவிட்டால் தொகையே வேண்டாம். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி (பை) என்ற கணக்கு 1957 ஏப்ரல் வரை நடைமுறையில் இருந்தது; உங்கள் இளம் வாசகியருக்கு அதை விளக்க வேண்டாம், உங்கள் நாயகி முந்தானையில் முடிந்து வைத்திருப்பது போதாமல் போவதைக் காட்டினாலே போதும். ட்ராம் வண்டிகள் 1953 வரை சென்னையில் ஓடின, ஆகவே அவை உங்கள் கதைக்குள் தாராளமாக வரலாம்.

விளிச்சொற்களுக்கும் விலைகளுக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1940களின் வார, மாத இதழ்களைக் கேட்டு வாங்கி, கதைகளைவிட விளம்பரங்களையும் வாசகர் கடிதங்களையும் முதலில் பாருங்கள். ஹேயரும் பழைய இதழ்களிலிருந்து படங்களை வெட்டிச் சேர்த்துக்கொண்டவர்தான். ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள்: எந்த நூலில் எடுத்தோம் என்பதை அவர் பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை. நீங்கள் இதழின் பெயரையும் மாதத்தையும் பக்கத்தையும் குறிப்பின் ஓரத்தில் உடனே எழுதிவிடுங்கள், பின்னால் யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டவர்களைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. பூட்டிய வீட்டுக்குக் காவலாக ஒருவரை விட்டுவிட்டு அந்தக் குடும்பம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவியை அவர் கையில் கொடுக்கும் அந்த நேரத்தில், அவருக்குப் போக ஊர் இருக்கிறதா என்று உங்கள் நாயகி ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும், அதை அந்த இளைஞன் கேட்டுக்கொண்டு நிற்கட்டும். இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொள்வதற்கு அதுவே காரணமாக அமையலாம்.